ஐந்தாவது பாட்டில் விட்ட இடைவெளி

என் குரலைத் திருடியவளின் தட்டில் நானே பிரியாணி வைத்தேன். நல்ல துண்டாகப் பார்த்துத்தான் வைத்தேன். சாப்பாட்டு விஷயத்தில் நான் வஞ்சகம் செய்வதில்லை. அன்றைக்கு என் வஞ்சகம் முழுவதும் வேறு இடத்தில் தயாராக இருந்தது. மன்னித்து விட்டிருக்கலாமே என்று சொல்லப் போகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, பேச்சும் இல்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங் மோ கியோ வட்டாரத்தில் வீடு, தஞ்சோங் பகார் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலில் தமிழ்ப் பூசைக்குப் பாட்டு. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும், நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான். பூசையில் முதல் வாசகம் முடிந்ததும் பதிலுரைப் பாடல் வரும். ஒருவர் மைக் முன்னால் நின்று திருப்பாடலின் வரிகளைப் பாடுவார். சில வரிகள் பாடியதும் நிறுத்துவார், கையை இலேசாக உயர்த்துவார். உடனே கோவில் முழுவதும் பல்லவியைப் பாடும். மறுபடி அவர், மறுபடி சனங்கள். எங்கள் கோவிலில் அந்த ஒருவர் பல வருடங்களாக நான்தான். வார்த்தைகள் வேதத்திலிருந்து வரும், மெட்டு வாராவாரம் நானே போடுவேன். என்னுடையது தாழ்ந்த குரல். புகழ்ந்து சொல்லும்படி அதில் ஒன்றுமில்லை என்று பலர் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான் நிறுத்தினால் சனங்கள் பாடுவார்கள். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிற மாதிரி, யோசிக்காமல் பாடுவார்கள்.

அவளும் எங்கள் பாடற்குழுவில் வளர்ந்தவள்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பளீரென்ற குரல். கிறிஸ்மஸ் பூசையில் அவள் மேல் ஸ்தாயியில் ஒரு இழுப்பு இழுத்தால் ஃபாதரே திரும்பிப் பார்ப்பார். பிறகு கோவிலை விட்டுவிட்டு ஹோட்டல் லவுஞ்சுகளில் ஆங்கிலப் பாட்டுப் பாடப் போனாள். சோல், ஜாஸ் என்று வழுக்கிக்கொண்டு போகிற மெல்லிசை. தமிழ்ப் பெண்தானே, தமிழ்ப் பாட்டே பாடிவிட்டுப் போயேன் என்று எத்தனையோ பேர் அவளிடம் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. ஆற்றங்கரை மதுக்கூடங்களில் சிகரெட் புகைக்கு நடுவே நின்று பாடிப் பாடி ஒரு பெயர் வாங்கினாள். எனக்கு அவளை நினைத்தால் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பெருமைப்பட்டவளுக்குத்தான் இந்த அளவுக்கு வயிறு எரியும்.

நாற்பதைத் தாண்டியபின் அவளுடைய முதல் ஸ்டூடியோ ஆல்பம் அமைந்தது. மொத்தம் எட்டுப் பாட்டு. ஏழு ஆங்கிலம், ஐந்தாவது மட்டும் தமிழ். அது இறந்துபோன அவள் அப்பாவைப் பற்றிய பாட்டு. அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். என் அப்பாவும் அதே துறைமுகம், அதே லாரியில்தான் இருவரும் வேலைக்குப் போவார்கள். இன்று நான் உட்காருகிற ஆபீஸ் அவர்கள் வியர்வை சிந்திய இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அதனால்தானோ என்னவோ, அவள் உதவி கேட்டபோது நான் மறு பேச்சுப் பேசவில்லை.

“அக்கா, தொண்டை கட்டிக்கிச்சு. ஷோ மேல ஷோ. நீங்க சும்மா ட்ராக் பாடிக் கொடுங்க போதும். மியூசிஷியன்ஸ் அதைக் கேட்டு வாசிச்சிடுவாங்க. தமிழ் உச்சரிப்பும் நான் உங்களைக் கேட்டுப் பழகிக்கிறேன். அப்புறம் என் வாய்ஸைப் போட்டுட்டு உங்களோடதை எடுத்துடுவோம்.”

ட்ராக் பாடுவது ஒன்றும் புதிய விஷயம் இல்லை. பெரிய பாடகர் வருவதற்குமுன் இன்னொருவர் பாடி வைப்பார், அவர் வந்து பாடியதும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். கட்டடம் எழும்பும்வரை நிற்கிற சாரம் மாதிரி. சாரத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில், கீழே டயர் கிடங்கும் மேலே ஸ்டூடியோவுமாக இருந்த இடம். ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஒரு சீனர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, நல்ல மனிதர். அவள் சோபாவில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். கப்பல் வந்தது, வாசல்வரை உப்பு வந்தது, நீ மட்டும் வரவில்லை என்று போகிற பாட்டு அது. நான் அவளுடைய அப்பாவை நினைத்துப் பாடவில்லை. என் அப்பாவை நினைத்தேன். கழுத்தில் சிவந்து கிடக்கும் மூட்டைத் தழும்போடு அவர் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவதை நினைத்தேன். அவருக்குப் பாட்டு வராது. ஆனால் பல்லவிக்கு மட்டும் வாயைத் திறப்பார். மூன்று வரி பாடியதும் என்னை அறியாமல் நிறுத்திவிட்டேன். சனங்கள் பாட விடுகிற இடைவெளி அது. பல்லவி போடும் நேரத்துக்குச் சும்மா நின்றுவிட்டுத்தான் அடுத்த வரியை எடுத்தேன். பாட்டு முழுக்க அப்படித்தான்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து கேட்டார். “ஆன்ட்டி, ஒய் யூ ஸ்டாப் தேர்?”

எனக்கே சிரிப்பாக வந்தது. கோவில் பழக்கம், கூட்டம் பாடுவதற்காக நிறுத்துவேன் என்று விளக்கினேன். திருத்திப் பாடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “நோ, நோ. லீவ் இட் லா. வெரி நைஸ்.” எங்கள் ஊரில் யார் எந்த மொழி பேசினாலும் கடைசியில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும். அந்த இடைவெளிகளில் பேஸ் கிடாரும் டிரம்ஸ்மீது தடவுகிற பிரஷ்ஷும் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொண்டார். சோபாவிலிருந்து அவள் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தேன்.

ஆல்பம் வெளிவந்த அன்று காலை அவளே என் ஃபோனுக்கு லிங்க் அனுப்பினாள். வேலைக்குப் போகும் ரயிலில் காதில் மாட்டினேன். முதல் நான்கு பாட்டும் பிரமாதம். அதைச் சொல்லாமல் விடுவது பாவம். நொவீனா நிலையம் தாண்டும்போது ஐந்தாவது தொடங்கியது. அவள் குரல் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது என் குரல். ட்ராக்கை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று முதலில் பதறினேன். பாட்டு முடிகிறவரை அவள் வரவேயில்லை. ஒரு வரிக்குக்கூட வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எனக்குப் பிடித்த பாட்டுகளுக்கு நடுவே என் குரல், சுற்றிலும் அத்தனை பேர், யாருக்கும் தெரியாமல் நான் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இறங்க வேண்டிய இடத்தைக்கூட விட்டுவிட்டேன். பிறகுதான் பாடியவர் யார் என்று போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அவள் பெயர்தான் இருந்தது. நன்றி சொன்ன இடத்தில் அவளுடைய பூனைக்குக்கூட இடம் இருந்தது, எனக்கு இல்லை.

ஆபீஸ் மாடிப்படியில் நின்று ஃபோன் போட்டேன்.

“என்னம்மா இது, ட்ராக்கை அப்படியே வச்சிருக்கீங்க?”

“அக்கா, நானும் பாடிப் பார்த்தேன். பத்து டேக் போச்சு. உங்க டேக்ல இருந்த ஃபீல் வரல. ப்ரொட்யூசர் இதையே வச்சுக்கலாம்னுட்டார்.”

“சரி, வச்சுக்கோ. என் பேர் எங்க?”

“அப்பா பாட்டுக்கா. அதை வேற யாரோ பாடினாங்கன்னு எப்படி வெளிய சொல்றது? இண்டஸ்ட்ரில இதெல்லாம் நார்மல் லா. நான் உங்களுக்கு ஒரு நல்ல ஹை டீ ட்ரீட் தரேன்.”

“அது என் குரல்.”

“இருக்கட்டும்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

இந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அவள் கெஞ்சியிருந்தால் நிச்சயம் ஆறியிருக்கும், நான் அவ்வளவு கல் நெஞ்சுக்காரி இல்லை. என் குரலை ஒரு மனிதப் பிறவிக்கும் அடையாளம் தெரியாது என்று அவ்வளவு சர்வசாதாரணமாகச் சொன்னாளே, அதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆல்பத்துக்கு நல்ல வரவேற்பு. ஏழு பாட்டையும் எல்லாரும் பாராட்டினார்கள், ஐந்தாவதைக் கொண்டாடினார்கள். ரேடியோவில் அவளிடம் ஒரு நேர்காணல் எடுத்தார்கள். வீட்டில் இறால் உரித்துக்கொண்டே கேட்டேன். அந்தப் பாட்டில் நடு நடுவே வருகிற மௌனம் மனதை என்னவோ செய்கிறது, அதை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “அது என் அப்பா விட்டுட்டுப் போன இடம். அவர் பேச வேண்டிய இடத்துல நான் அமைதியா இருக்கேன்.”

கையில் இருந்த இறாலைப் பிய்த்து எறிந்துவிட்டேன். அது அவளுடைய அப்பா இல்லை. அது கோவில் பழக்கம், ஐம்பது வயசுக்குமேல் திருத்த முடியாத பழக்கம். அப்படியே அதில் ஒரு அப்பா இருந்தாலும் அது கடைசி பெஞ்சில் இருந்த என் அப்பா. குரலை எடுத்ததுதான் எடுத்தாள், அவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவாளா?

அதற்குப் பிறகும் நான் ஒன்றும் செய்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிவிட்டு அடங்கியிருப்பேன். அடங்கவிடாமல் செய்தது அவளைப் பெற்ற அம்மா.

அவரைத் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடை முன்னால் பார்த்தேன். நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். எழுபதைத் தாண்டியும் கறிக்காரரை அதட்டுகிற தெம்பு உண்டு. கோவிலில் முதல் பெஞ்ச் அவருடையது. நான் பதிலுரைப் பாடலில் நிறுத்தியதும் முதலில் கேட்கிற குரல் அவருடையது. மற்றவர்கள் அவர் பின்னால்தான் சேருவார்கள். அன்று என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடே என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த அஞ்சாவது பாட்டு கேட்டியா? அவங்கப்பா பாட்டு? தினம் போட்டுக் கேட்கிறேன். கேட்டா அவர் வந்து பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு. என் வயித்துல பொறந்தவ இப்படிப் பாடுவாள்னு எனக்கே தெரியாது போ.”

“நல்ல பாட்டு ஆன்ட்டி,” என்றேன்.

“நீயும் இத்தனை வருஷமாக் கோவில்ல பாடுறே. தப்பா நினைச்சுக்காத, இந்த உருக்கம் உனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. அவகிட்ட கத்துக்கோ லா, வெட்கப்படாத.”

கறிக்காரர் எலும்பை வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கத்திச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. நான் சிரித்தேன். கத்துக்கிறேன் ஆன்ட்டி என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, இதற்கு நான் யாரையாவது பதில் சொல்ல வைக்காமல் ஓயப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆன்ட்டியின்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தன்னை அறியாமல் என்னைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார். எனக்கு வேண்டியது, அவர் அதை அறியவேண்டும். அவர் ஒருவர் அறிந்தால் போதும். மற்றவர்கள் எனக்குப் பொருட்டில்லை.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் யார் நம்புவார்கள்? பொறாமை, வயசான காலத்தில் இதற்குப் புத்தி கெட்டுப்போய்விட்டது என்பார்கள். அவள் இலேசாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நான் ஊரெல்லாம் வாயாடி ஆகிவிடுவேன். நான் சொல்லவே கூடாது, அவர்கள் காதே அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன்.

வாய்ப்பையும் ஆன்ட்டியே கொண்டுவந்தார். ஆல்பம் நல்லபடியாக அமைந்ததற்கு ஒரு ஞாயிறு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். பூசை முடிந்ததும் கோவிலின் கீழே உள்ள ஹாலில் எல்லாருக்கும் பிரியாணி, மகளின் பாட்டைப் போட்டுக் கேட்பது, கேக் வெட்டுவது. பாட்டு எல்லாம் சிறப்பாக இருக்கவேண்டும் என்று என்னிடம்தான் பொறுப்பை ஒப்படைத்தார். சிறப்பாகச் செய்துவிடலாம் ஆன்ட்டி என்றேன். ஹாலில் எந்தப் பாட்டைப் போடுவது என்று கேட்டார். உங்களுக்கு எது பிடிக்குமோ அதைப் போடச் சொல்லுங்கள் என்றேன். இதைவிட யோக்கியமான பதில் உண்டா?

அந்த ஞாயிறுக்கு அமைந்த திருப்பாடலும் நன்றி சொல்கிற பாடலாகவே இருந்தது. வழக்கம்போல மெட்டு போட உட்கார்ந்தேன். இந்தத் தடவை யோசிக்க ஒன்றுமில்லை. மெட்டு ஏற்கெனவே ஐந்தாவது பாட்டில் இருந்தது. அதே சுருதி, அதே நடை, மூன்றாவது வரியில் அதே பள்ளத்தில் போய் இறங்குகிற இறக்கம். கப்பலும் உப்பும் இருந்த இடத்தில் திருப்பாடலை எழுதிய தாவீது ராஜாவின் வார்த்தைகளை உட்கார வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பல்லவிக்கு ஒரு தடவை கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்கிற மாதிரி எளிய மெட்டு ஒன்று போட்டேன். பாடினால் அந்த இடைவெளிக்குள் சரியாக அடங்கவேண்டும், ஒரு மாத்திரை கூடக்கூடாது, குறையக்கூடாது. சமையலறையில் நின்று ஆல்பத்தை ஓடவிட்டு, நான் நிறுத்திய இடங்களில் நானே பல்லவியைப் பாடிப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. கோவிலை வைத்தா பழிவாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திருப்பாடல்களைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி எதிரிகளைப் பற்றித்தான்.

பூசை அன்று கோவில் நிரம்பியிருந்தது. அவள் வெள்ளை லினன் உடையில் அம்மாவின் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காணிக்கைப் பவனியில் அப்பம், திராட்சை ரசத்தோடு சேர்த்து எடுத்துப் போவதற்காக ஆல்பத்தின் இசைத்தட்டு ஒன்றை ஆன்ட்டி மடியில் வைத்திருந்தார். அட்டையில் அவளுடைய பக்கவாட்டு முகம். வாசகம் முடிந்தது. நான் மைக்குக்குப் போனேன்.

முதலில் பல்லவியைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். பிறகு முதல் வரியை எடுத்தேன். இரண்டாவது வரியில் அவள் தலை நிமிர்ந்தது. என்ன இருந்தாலும் பாட்டுக்காரி அல்லவா, காதில் விழுந்துவிட்டது. மூன்றாவது வரி அந்தப் பள்ளத்தில் இறங்கியபோது அவள் முகத்தில் இருந்த பவுடர்தான் வெளுப்பாக இருந்ததா, முகமே வெளுத்ததா தெரியவில்லை. நான் நிறுத்தினேன். கையை உயர்த்தினேன். பக்கத்தில் அவள் அம்மா, வார்த்தை மாறியதில் மெட்டை இனங்காணாமல், எல்லாருக்கும் முன்னதாக, மனசு நிறைந்து பல்லவியைப் பாடினார். பின்னாலேயே கோவில் பாடியது. ஒவ்வொரு பகுதிக்கும் பாடினார்கள். கடைசித் தடவை பாடும்போது அந்த மெட்டு அவர்களுக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்த மெட்டு மாதிரி ஆகிவிட்டது. நான் குனிந்து வணங்கிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். ஃபாதர் அன்றைக்கு எதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து ஹாலுக்கு இறங்கினோம். மடக்கு மேசைகள், பெரிய தட்டுகளில் பிரியாணி, அச்சார், ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டோங் ஒரு அண்டா. பரிமாறும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவள் வரிசையில் வந்து என் முன்னால் நின்றாள். துண்டு பார்த்து வைத்தேன் என்று சொன்னேனே, அது அப்போதுதான்.

“அக்கா, அந்த ட்யூன்...” என்றாள்.

“நல்லா இருந்துச்சா?” என்றேன். “உன்கிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான். உங்கம்மா சொன்னாங்க.”

தட்டை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போகவில்லை. நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த, கோவில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவை அங்கிளிடம் நேராகப் போனாள். நான் கரண்டியோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“அங்கிள், ஃபிஃப்த் சாங் வேணாம். ஃபர்ஸ்ட் சாங் போடுங்க, அதான் ஹிட்டு.”

“உங்கம்மா அஞ்சாவதுதான் வேணும்னு சொல்லிட்டாங்கம்மா. பூசை ஒப்புக்கொடுத்தவங்க அவங்க. நான் என்ன செய்ய?”

“அங்கிள், ப்ளீஸ் லா.”

“இங்கிலீஷ் பாட்டு நம்ம சனத்துக்கு என்ன புரியும்? நீ போய்ச் சாப்பிடு.” அவர் ஃபோனை ஸ்பீக்கரோடு இணைத்து, மைக்கில் அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, பாட்டைப் போட்டார்.

பேஸ் கிடார் இரண்டு சுற்று வந்தது. பிறகு என் குரல். கப்பல் வந்தது. ஹால் அமைதியாகிக் கேட்டது. ஆன்ட்டி பிரியாணிக் கவளத்தைக் கையில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். வாசல்வரை உப்பு வந்தது. மூன்றாவது வரி பள்ளத்தில் இறங்கியது. இடைவெளி வந்தது.

ஆன்ட்டி பாடினார். காலையில் பாடிய பல்லவியை, கண்ணை மூடியபடி, முதல் பெஞ்சில் பாடுகிற அதே கணீர்க் குரலில் பாடினார். நான் விட்ட இடைவெளியில் அது மேசைக்கு இழுப்பறை மாதிரிப் பொருந்தியது. அவர் பின்னால் மேசையிலிருந்த இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பாடி முடித்ததும் யாரோ குபீரென்று சிரித்தார்கள். ஐயோ, கோவில்ல இருக்கிற நினைப்பு என்று ஒரு குரல் சொன்னது. பாட்டு அடுத்த பகுதிக்குப் போனது. மறுபடி இடைவெளி. இந்தத் தடவை பாதி ஹால் பாடியது. பாடிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு இல்லை. ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது.

மூன்றாவது இடைவெளி வருவதற்குள் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன். ஸ்பீக்கரில் என் குரல் நின்றதும் கையை உயர்த்தினேன். ஹால் மொத்தமும் பாடியது.

ஆன்ட்டி மட்டும் பாடவில்லை. கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

“இது யார் பாடுறது?”

அங்கிள் அவசரமாகப் பாட்டை நிறுத்தினார். அவள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு அவளைத் தெரியும். பாட்டில் ஒரு நொடி சும்மா இருக்கமாட்டாள். இழுப்பாள், குழைவாள், எதையாவது போட்டு நிரப்பிவிடுவாள். அன்று அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றாள். நான் விடுகிற இடைவெளியைவிட அது நீளம்.

“அக்காதாம்மா,” என்றாள் கடைசியில். “ஆனா அது...”

“அப்பா பாட்டு?”

“ஆமாம்மா.”

அங்கிள் கேக் வெட்டலாம் வாங்க என்று மைக்கில் கூப்பிட்டார், ஒருவரும் எழுந்து போகவில்லை. சனங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அவள் நேராக என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“என்கிட்ட கேட்டிருந்தா அடுத்த ப்ரிண்ட்ல பேர் போட்டிருப்பேன்ல? இப்ப சந்தோஷமாக்கா?”

“அன்னிக்கே ஃபோன்ல கேட்டேனே,” என்றேன். “யாருக்குத் தெரியப் போகுதுன்னு நீதான் சொன்னே. இப்ப தெரிஞ்சிடுச்சு. சந்தோஷம்தான். ரொம்ப.”

உண்மையிலேயே ரொம்பச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிற்றில் அப்போதுதான் பசி எடுத்தது. இன்னும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கவேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி எங்கள் நடுவே வந்து நின்றார். கையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தேக்காவில் சொன்னதற்கு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவர் பேசவில்லை.

“மத்த ஏழு பாட்டும் இவ பாடினதுதானே?”

“ஆமா ஆன்ட்டி. ஏழும் இவதான். சத்தியமா.”

அவர் தலையை ஆட்டினார். பண்டோங் அண்டா பக்கம் திரும்பினார்.

“அதெல்லாம் எனக்கு அவ்வளவாப் புடிக்கல,” என்றார்.

அவள் காதில் விழவேண்டும் என்று சொன்னாரா, அவள் நிற்பதையே மறந்து சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவ்வளவு நாள் உட்கார்ந்து யோசித்தும் எனக்கு இப்படி ஒரு வாக்கியம் தோன்றவில்லை. ஒத்திகை பார்த்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, காகிதக் கப்பில் பண்டோங் ஊற்றி ஆன்ட்டியிடம் கொடுத்தேன். அவளுக்கும் ஒன்று ஊற்றினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை, அதை நானே குடித்தேன்.